வெள்ளரி தண்ணீர் விடும் நேரம்

அருணகிரி தன் மனைவி அஞ்சலையை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது. ஏழுக்கு ஆஸ்பத்திரியில் மணி அடித்துப் பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்புவார்கள். அவர் எதிலும் பத்து நிமிஷம் முன்னால் எழுந்து நிற்கிற ஆள். தைப்பிங் ரயில் நிலையத்தில் முப்பத்து மூன்று வருஷம் பார்சல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் கால்களை விட்டு அந்தப் பழக்கம் போகவில்லை. நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தூக்குப் பாத்திரத்தைக் கையில் எடுத்தபோது அவள் தலையைத் திருப்பினாள். முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு அவர் தோளுக்கு மேலாக ஜன்னலில் வழிந்துகொண்டிருந்த மழையைப் பார்த்தாள். "இந்தாங்க, நாக்கு செத்துக் கெடக்கு. லியோங்கிட்டச் சொல்லி அந்த வெள்ளரிக்காயக் கொஞ்சம் செய்யச் சொல்லுங்க. நாளைக்கு வரப்ப எடுத்தாங்க" என்றாள். "டாக்டர் காரம் கூடாதுன்னாரே" என்றார் அவர். "டாக்டருக்கா நாக்கு செத்துப்போச்சு?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கப் போய் இருமினாள். சரி என்று தலையாட்டினார். அவ்வளவுதான். நனைந்துகொண்டே பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டில் லியோங்கின் சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்பக்கச் சுவருக்கு அப்பால் அவன் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நாலு எட்டு வைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. உள்ளே போய், மறுநாள் ரசத்துக்குப் புளியை ஊறப் போட்டார். விடியற்காலை ஐந்து இருபதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

இன்றைக்கு வருஷத் திதி. மணி பதினொன்று. சாம்பார், கருணைக்கிழங்கு வறுவல், பாயசம் எல்லாம் ஆகி மூடி வைத்தாயிற்று. வடைக்கு உளுந்து அரைத்தாயிற்று. மேடையில் மிச்சம் இருப்பவை ஐந்து வெள்ளரிக்காய்களும், ஆறு பல் பூண்டும், கறுப்புக் கிச்சாப் என்று அவர்கள் சொல்லும் சோயா சாஸ் பாட்டிலும், சீனக் கடையில் வாங்கின கறுப்பு வினிகரும்தான். பன்னிரண்டரை ரயிலில் மகள் தமயந்தி கோலாலம்பூரிலிருந்து வருகிறாள். ஒரு மணிக்கு இலை போட வேண்டும். செத்தவருக்குப் பிடித்தது எல்லாம் இலையில் இருக்க வேண்டும், அதுவும் படைக்கிறவர் கையால் சமைத்ததாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தமயந்தி போனில் பேசினாள். "அப்பா, அம்மாவோட வெள்ளரிக்கா கட்டாயம் வேணும். லியோங் அங்கிளுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்." "வேணாம். நான் செய்றேன்." "நீங்களா?" "ஏன், எனக்குக் கை இல்லியா?" "பச்சைப் பூண்டு போடணும்ப்பா. நீங்க அதத் தொடுவீங்களா?" "தொடுவேன். அவருகிட்ட ஒண்ணும் சொல்லாத." கடைசி வாக்கியத்தை அவர் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. போன் செய்திருந்தால் லியோங் என்ன சொல்லியிருப்பான் என்று அவருக்குத் தெரியும். அக்காவுக்கு அதுன்னா உசிராச்சேம்மா, ஆஸ்பத்திரில இருந்தப்பக்கூட ஒரு வார்த்தை கேட்டு விடலியே என்பான். தமயந்தி உடனே இவரைக் கேட்பாள், அம்மா கேக்கலியாப்பா என்று. அவர் பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை, ஆனால் பொய் சொல்லும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர். ஒரு வருஷமாக அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. இந்த ஐந்து வெள்ளரிக்காய்களும் ஒரு மணிக்குள் அவர் கையாலேயே இலைக்குப் போய்விட்டால் அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

லியோங்கிட்ட. வெள்ளரிக்காயைக் கழுவத் தண்ணீரைத் திறந்ததும் காதில் அதுதான் மறுபடி வந்தது. நாற்பத்தோரு வருஷத்தில் அவள் அவர் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இந்தாங்க, என்னங்க, உங்களைத்தான், அவ்வளவே. அதே ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நர்ஸ் கணவர் பெயரைக் கேட்டபோது அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், நீங்களே சொல்லுங்கள் என்று. அது மரியாதை என்று எல்லோரும் சொல்வார்கள், அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்து அவள் லியோங், லியோங், பூனை உன் வீட்டுல இருக்கா, லியோங், மழை வருது துணிய எடு என்று ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கூப்பிடுவாள். அந்த நாக்குக்கு ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது! வயதில் சிறியவன், அக்கா என்று கூப்பிடுகிறவன், அதனால் என்ன என்று நூறு தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்கா என்று கூப்பிடுகிறவன்தான். அவன் தமிழ் பேசுவதுதான் வினை. அவன் அப்பா செலாமா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளோடு புழுதியில் புரண்டு வளர்ந்த சீனப் பையனுக்குத் தமிழ் தண்ணீர் மாதிரி வந்தது. அஞ்சலையும் ஒரு தோட்டத்தில் பிறந்தவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் வூடு என்றும் கித்தா மரம் என்றும் சொன்னால் அருணகிரி திருத்துவார். வீடு, ரப்பர் மரம். பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் மட்டும் படித்துவிட்டு மற்றதெல்லாம் பழைய அகராதியையும் இரவல் புத்தகங்களையும் வைத்துத் தானே கற்றுக்கொண்ட மனிதருக்குத் திருத்துவது ஒரு பெருமை. அவளும் திருத்திக்கொண்டாள், வீட்டுக்குள். லியோங் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம், "ஏங்க்கா, பசியாறிட்டீங்களா? உங்க வூட்டுப் பூனை எங்க வூட்டுல குட்டி போட்டிருக்கு, வந்து பாருங்க" என்று அவன் சுவர் மேலே எட்டிப் பார்த்துச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பு அவருக்கு இன்னும் கேட்கிறது. தொலைந்து போன தங்கச்சங்கிலி கிடைத்தவள் சிரிக்கிற மாதிரி.

வெள்ளரிக்காயின் இரண்டு முனையையும் நறுக்கி ஓரமாக வைத்தார். இதோடு நாலாவது முயற்சி. செய்முறையை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை; அவரும் யாரையும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் காதால் தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், பத்தொன்பது வருஷம், பதினொன்றே முக்காலுக்கு அஞ்சலை பின் சந்து வழியாக லியோங் வீட்டுச் சமையலறைக்குப் போவாள். அவன் வியாழக்கிழமை விடுப்பு போக மற்ற நாள் சாயங்காலம்தான் உணவகத்துக்கு வேலைக்குப் போகிற சமையல்காரன், பகலில் வீட்டில் இருப்பான். வேலையில் இருந்தவரை இதெல்லாம் அருணகிரிக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை தற்செயலாகக் காதில் விழுந்தது. பிறகு தற்செயலாக இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவார். முதலில் பட், பட், பட் என்று எதையோ பலகையில் வைத்து அடிக்கிற சத்தம், பத்துப் பன்னிரண்டு அடி. பிறகு அந்த வீட்டு ரேடியோ நிற்கும். சீனன் வீட்டில் நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கிற தமிழ் ரேடியோ, பாட்டு பாதியில் இருந்தாலும் சட்டென்று நிற்கும். அதன் பிறகு ஒன்றுமில்லை. பேச்சு இல்லை, பாத்திரம் இல்லை, நாற்காலி நகர்கிற சத்தம்கூட இல்லை. ரயில்வேக்காரர் ஆகையால் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இருபத்தெட்டு நிமிஷத்துக்குக் குறைந்ததில்லை, முப்பத்திரண்டைத் தாண்டியதில்லை. அதற்கப்புறம் சொய்ங் என்று சூடான எண்ணெய் எதன்மேலோ விழுகிற சத்தம், மிளகாய் நெடி, ஒரு தும்மல். கடைசியாகச் சிரிப்பு. இரண்டு பேர் சிரிப்பும். ஒரு மணிக்கு அவர் சாப்பாட்டு மேஜைக்கு வரும்போது அஞ்சலை சோற்றுப் பாத்திரத்தோடு தயாராக நிற்பாள், முகம் கழுவி, வாயைக் கொப்பளித்து. கொப்பளித்தும் பூண்டு நாற்றம் போயிருக்காது. அவர் எதுவும் கேட்டதில்லை. கேட்பதென்றால் முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

பூண்டைத் தட்டித் தோலை உரித்தார். விரலில் பிசுபிசுத்தது. கல்யாணமான மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, அவள் ஊறுகாயில் பச்சைப் பூண்டு நறுக்கிப் போட்டபோது, "இந்த நாத்தம் எனக்கு ஆகாது, வீட்டுக்குள்ள வேண்டாம்" என்று சொன்னார். ஒரே ஒரு தடவைதான். அவர் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்ததில்லை. அதைப் பற்றியும் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அப்படியானால் பத்தொன்பது வருஷமும் அவள் அந்த வீட்டுக்குப் போனது வெறும் பூண்டுக்காகத்தானா? பூண்டுக்காக என்றால் ரேடியோவை ஏன் நிறுத்த வேண்டும்? இங்கே வந்துதான் எப்போதும் சிக்கிக்கொள்வார். வெள்ளரிக்காயும் பூண்டும் தின்ன இரண்டு பேருக்கு ரேடியோ பாடினால் என்ன கெட்டுவிட்டது? லியோங்கின் அம்மா அப்போது இருந்தாள், காது கேட்காத கிழவி, அதே சமையலறையில்தான் கட்டில். அதனால் தப்பாக நினைக்க இடமில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்ட வருஷங்கள் உண்டு. பிறகு கிழவி செத்தாள். அதற்கப்புறமும் அந்த மௌனம் ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, ஒரு நிமிஷம் குறையவும் இல்லை. கூடியிருந்தால் ஒரு மாதிரி இருந்திருக்கும். குறைந்திருந்தால் வேறு மாதிரி. மாறாமல் இருந்ததுதான் அவரைத் தின்றது. பழகிப்போன விஷயங்களுக்குத்தான் அப்படி ஓர் ஒழுங்கு வரும் என்பது பார்சல் ஆபீசில் இருந்தவருக்குத் தெரியாதா? அவளுக்கு அறுபத்தைந்து வயது, முழங்கால் வலி, சர்க்கரை. அந்த வயதில் ஒருத்தியின் மேல் சந்தேகப்படுகிறவனைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் எதையும் தப்பாகச் செய்திருப்பாள் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த முப்பது நிமிஷத்தில் இருக்கிற ஏதோ ஒன்று தன் வீட்டில் இல்லை என்று மட்டும் நினைத்தார். அது என்ன என்று தெரிந்திருந்தாலாவது ஒரு விலாசம் எழுதி ஓரமாக வைத்திருக்கலாம்.

முதல் முயற்சியில் நல்லெண்ணெய் ஊற்றித் தோசைப் பொடி வாசம் வந்தது. லியோங் ஊற்றுவது வறுத்த எள்ளின் எண்ணெய், சிறிய பாட்டில், வேறு நிறம் என்று கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டாவதில் வெள்ளரிக்காயை அழகாக வில்லை வில்லையாக நறுக்கினார். மசாலா எல்லாம் அடியில் போய் நின்றது, வில்லைகள் குளித்துவிட்டு வந்த மாதிரி பளபளவென்று மேலே கிடந்தன. அடிக்கிற சத்தத்துக்கு ஒரு அர்த்தம் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது தடவை, லியோங் வேலைக்குப் போன பிறகு, அடித்தார், எண்ணெயும் சரியானது, மிளகாயும் சரியானது, அப்படியும் பத்து நிமிஷத்தில் கிண்ணம் முழுக்கத் தண்ணீர். காரம், புளிப்பு, எல்லாம் கரைந்து சளசளவென்று, சுரம் வந்த நாக்குக்குத் தருகிற கஞ்சி மாதிரி. அஞ்சலை இதற்கா அப்படி ஏங்கியிருப்பாள்? எங்கே தப்பு என்று மூன்று நாளாக யோசித்தார். எல்லாச் சத்தத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். அடி, எண்ணெய், தும்மல், சிரிப்பு. ஒன்றும் விட்டுப்போகவில்லை.

சப்பாத்திக் கட்டையை எடுத்தார். வெள்ளரிக்காயைப் பலகையில் கிடத்தி ஓங்கி அடித்தார். பட். தோல் வெடித்து விதை தெறித்தது. பட். அடிப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது, யாரை அடிக்கிறோம் என்று யோசிக்காதவரை. பட், பட். கடைசிக் காயை அடித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பால் ரேடியோ சத்தம் குறைந்தது. செருப்பு இழுபடும் சத்தம் வந்தது. "அண்ணே?" என்றது லியோங்கின் குரல். திறந்த பின்கட்டில் இருக்கும் சமையல் மேடைக்குப் பக்கத்தில் சுவர் மார்பளவுதான். நரைத்த தலையும் பனியன் போட்ட தோளும் தெரிந்தன. "அண்ணே, வெள்ளரிக்காயா?" "ஆமா." "ஒரு வருஷமாச்சு இந்தச் சத்தம் கேட்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு." அருணகிரி பலகையில் தெறித்திருந்த விதைகளை வழித்தார். "அக்காவுக்கா?" "திதி. தமயந்தி கேட்டா." "எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் செஞ்சி குடுத்திருப்பனே." "வீட்டு ஆளு கையால செய்யணும்." லியோங் தலையாட்டினான். அவனுக்கு அந்த வழக்கம் தெரியும், தோட்டத்தில் பார்த்திருப்பான். அவனுக்கு எல்லாம் தெரியும். சுவர் மேல் கையை ஊன்றி எட்டிப் பலகையைப் பார்த்தான். "நல்லா ஒடச்சிருக்கீங்க. கத்தியால நறுக்கினா ஏறாது. உப்புப் போட்டாச்சா?" "கிச்சாப்ல உப்பு இருக்குல்ல." "ஐயோ, அது வேறண்ணே! ஒடச்ச ஒடனே உப்புப் போட்டுப் பெரட்டி, வடிதட்டுல அரை மணி விட்டுடணும். தண்ணிய அதுவே விட்டுடும். அப்புறம்தான் மத்ததெல்லாம். இல்லன்னா சளசளன்னு போயிடும்." "அரை மணி" என்றார் அருணகிரி. "அரை மணி. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. கூடினா துவண்டுடும்." கையில் சப்பாத்திக் கட்டையோடு அப்படியே நின்றார். இருபத்தெட்டிலிருந்து முப்பத்திரண்டு. அவர் எல்லாச் சத்தத்தையும் எடுத்துக்கொண்டு சத்தம் இல்லாததை விட்டுவிட்டார். அது வெள்ளரிக்காயுடையது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது அவர்களுடையது என்றுதான் இத்தனை வருஷமும் ஒதுக்கி வைத்திருந்தார்.

ஆனால் ரேடியோ? வெள்ளரிக்காய்க்கு ரேடியோ பாடினால் ஆகாதா? பல வருஷமாகத் தொண்டையில் இருந்த கேள்வி, வெளியே வரும்போது ஒரு சாதாரணக் கேள்வி மாதிரிதான் வந்தது. "அந்த அரை மணி நேரம் ரேடியோவ ஏன் நிறுத்துவ?" லியோங் புருவத்தைத் தூக்கினான். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான் என்று அருணகிரி காத்திருந்தார். அவன் கேட்கவில்லை. "அக்கா தூங்கும்ண்ணே" என்றான். "என்ன?" "தூங்கும். உப்பப் போட்டுட்டு, அந்த ஸ்டூல்ல உக்காந்து சுவத்துல தலைய சாச்சிடும். ரெண்டு நிமிஷத்துல கொறட்டை. எங்கம்மா இந்தப் பக்கம், அக்கா அந்தப் பக்கம், நடுவுல நான் முழிச்சிக்கிட்டு நிப்பேன். ரேடியோ பாடினா முழிச்சிக்கும்னு நிறுத்திடுவேன்." "எங்க வீட்ல கட்டில் இல்லியா?" லியோங் சிரித்தான். "கேட்டேனே. பகல்ல படுத்தா டைம்டேபிளுக்கு ஆகாதுடான்னு சொல்லும்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "டைம்டேபிளா?" "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. உங்களத்தான். அக்கா சும்மா வெளையாட்டுக்குச் சொல்லும். எண்ணெய ஊத்தினதும் எந்திரிச்சி, லியோங், எங்க டைம்டேபிள் ஒரு மணிக்குப் பிளாட்பாரத்துக்கு வந்துடும், சீக்கிரம் திங்கலாம் வான்னு சொல்லும். அதச் சொல்லிட்டு அதுவே சிரிக்கும். எல்லா வெள்ளிக்கிழமையும் அதே பேச்சுதான். நானும் சிரிப்பேன், என்ன செய்றது." அருணகிரிக்குக் காது சுட்டது. அப்படியானால் அந்தச் சிரிப்பில் அவர் இருந்திருக்கிறார். முன்னறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு எதைக் கேட்டுக்கொண்டிருந்தாரோ அது அவரைத்தான் சொல்லிச் சிரித்தது. அவர் பெயரைச் சொல்லாதவள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயரும் இவனிடம்தான் இருந்தது.

பகலில் தூங்கக் கூடாது என்று எப்போது சொன்னார்? சொன்னதாக ஞாபகமே இல்லை. பிறகு, உப்பு டப்பாவைத் திறந்தபோது, ஞாபகம் வந்தது. தமயந்தி கைக்குழந்தை. காய்ச்சலோடு பாதி வேலையில் வீட்டுக்கு வந்திருந்தார், மத்தியானம் இரண்டு மணி. பால் பொங்கி அடுப்பெல்லாம் கருகிக் கிடந்தது. அவள் தரையில் குழந்தையோடு சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள், முதுகு மட்டும் தெரிந்தது. "நான் அங்க மூட்டை எண்ணிச் சாகறேன், நீ பட்டப்பகல்ல தூங்குற" என்றார். அதுவும் ஒரே ஒரு தடவைதான். அதற்கப்புறம் பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததில்லை. இரவில் அவருக்குப் பிறகு படுப்பாள், அவருக்கு முன்னால் எழுவாள், விளக்கு அணைந்திருக்கும். யோசிக்க யோசிக்க ஒரு விஷயம் நகர மறுத்து நடுவில் நின்றது. வெளிச்சத்தில் கண் மூடியிருக்கிற அஞ்சலையின் முகத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தது அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஆஸ்பத்திரியில், பஞ்சு வைப்பதற்கு முன்னால். இவன் பத்தொன்பது வருஷம் பார்த்திருக்கிறான். வாய் திறந்திருக்குமா, தலை எந்தப் பக்கம் சாயும், கை மடியில் கிடக்குமா தொங்குமா, எல்லாம் இவனுக்குத் தெரியும். குற்றம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்த பிறகு பொறாமை தணியும் என்று அவர் எப்போதோ நினைத்திருந்தார். அது இப்போதுதான் பிடிக்க ஒரு சரியான இடம் கிடைத்த மாதிரி அழுத்திப் பிடித்தது. வேறு எதுவாக இருந்திருந்தாலும் கோபப்பட்டிருக்கலாம். ஒரு மனுஷி தூங்கினாள் என்பதற்கு யாரிடம் போய்க் கோபப்படுவது?

உப்பைத் தூவிப் பிரட்டினார். வடிதட்டில் கொட்டி, அடியில் ஒரு கிண்ணம் வைத்தார். மணி பதினொன்று இருபத்தைந்து. லியோங் இன்னும் போகாமல் நின்றான். "அக்காவுக்கு நாக்கு அதுலதான் கெடக்கும்" என்றான். "ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான் நெனச்சேன், கேக்கும், கேட்டா குடுத்து விடலாம்னு. டாக்டர் வேணாம்னுட்டாங்க போல, கேக்கவே இல்ல." அவன் அதை ஒரு வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, இருக்கிறதைச் சொல்கிற மாதிரி சொன்னான். அருணகிரி வடிதட்டைப் பார்த்துக்கொண்டே, "கேட்டா" என்றார். "யாரு?" "அவதான். கடைசி நாள், வியாழக்கிழமை. லியோங்கிட்டச் சொல்லிச் செஞ்சி எடுத்தாங்கன்னு சொன்னா. பேரச் சொல்லித்தான் சொன்னா. நான் வந்தப்ப உன் வீட்டுல வெளக்கு எரிஞ்சுது. நான் சொல்லல." ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. மனசு தாளாமலா, இல்லை, இவனுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும் என்றா? சொல்லி முடித்த கணத்தில் அதற்கும் மேலே இன்னொன்று புரிந்தது. அவளிடமிருந்து அவருக்கு மட்டும் என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதையும் எடுத்து இவன் கையில் கொடுத்துவிட்டார்.

லியோங் சுவர் மேல் வைத்திருந்த கையை எடுத்தான். திட்டுவான் என்று அருணகிரி எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான், ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பனியனில் துடைத்தான். "அன்னிக்கு எங்கிட்ட ரெண்டு வெள்ளரிக்கா இருந்துச்சுண்ணே" என்றான். செருப்பு இழுபடும் சத்தம் திரும்பிப் போயிற்று. கதவு சாத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு பாட்டு பாதியில் இருந்தபோது, ரேடியோ நின்றது.

அருணகிரி ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தார். அந்த ஸ்டூல் இல்லை. அது அந்த வீட்டில் இருக்கிறது. தலையைச் சுவரில் சாய்த்துப் பார்த்தார். சுவர் குளிர்ச்சியாக இருந்தது, தலைக்குக் கொஞ்சம் தாழ்வாக ஒரு ஆணி இடித்தது. இந்தச் சுவரில் அவளால் தூங்கியிருக்க முடியாது. கண்ணை மூடினார். தூக்கம் வரவில்லை. இந்த மௌனத்தை அவர் எத்தனையோ தடவை அந்தப் பக்கத்திலிருந்து வருவதாகக் கேட்டிருக்கிறார், இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் அது இருந்தது, உள்ளே யாரும் இல்லாமல். அங்கே அவன் அந்த ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பார்க்கட்டும். இல்லை, பார்க்கக் கூடாது. அவனுக்கு நினைத்துக்கொள்ள ஆயிரம் வெள்ளிக்கிழமை இருக்கிறது; தனக்கு நினைத்துக்கொள்ள ஒரு மணி மேஜையும், கொப்பளித்த வாயும். அவளை இங்கேயே தூங்கச் சொல்லியிருந்தால் ஒரு கட்டில், ஒரு தலையணை, ஜன்னல் திரையை இழுத்துவிடுகிற வேலை, அவ்வளவுதானே ஆகியிருக்கும்? வடிதட்டிலிருந்து சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. முதலில் வேகமாக, பிறகு எண்ணக்கூடிய மாதிரி, பிறகு ஒன்று விழுந்து இன்னொன்று விழுமா என்று காத்திருக்கிற மாதிரி. இந்தச் சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டிருக்காது. கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது நிமிஷம் ஆகியிருந்தது.

எழுந்து வெள்ளரித் துண்டுகளைக் கையால் பிழிந்து கிண்ணத்தில் போட்டார். பூண்டு, வினிகர், கிச்சாப், ஒரு கரண்டி சர்க்கரை, மேலே மிளகாய்த்தூள். எண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சி ஊற்றினார். சொய்ங் என்றது. அவருக்குத் தும்மல் வந்தது. சுவருக்கு அப்பாலும் யாரோ தும்மினார்கள். சிரிப்புச் சத்தம் எதுவும் வரவில்லை. படையலுக்கு முன்னால் வாயில் வைக்கக் கூடாது என்பதால் ருசி பார்க்கவில்லை. கரண்டியால் கிளறியபோது துண்டுகள் மொறுமொறுவென்று மோதிக்கொண்டன. அது போதும் என்று தெரிந்தது. ஒரு சின்னத் தட்டை எடுத்தார், நாலைந்து துண்டுகளை அதில் வைக்க. படையலுக்கு முன்னால் யாருக்கும் தரக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. அது வழக்கம்தானா, தன் மனசா என்று யோசித்தபடி தட்டைத் திரும்பக் கவிழ்த்து வைத்தார். ஒரு மணிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மகளை அழைத்துவர ஸ்டேஷனுக்குக் கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. மேடையைத் துடைத்தார், வெள்ளரி முனைகளையும் பூண்டுத் தோலையும் குப்பையில் போட்டார். வடிதட்டை எடுத்தபோது அதன் அடியில் வைத்த கிண்ணத்தில் முக்கால் டம்ளர் தண்ணீர் இருந்தது.